பில்லிங் மென்பொருளை கிளவுட் சர்வரில் ஏற்றுவது: சென்னை நிறுவனங்களில் முதன்முறை செய்பவர்களுக்கு

மடிக்கணினியில் ஓடுகிற மென்பொருள் கிளவுட் சர்வரிலும் ஓடத்தான் செய்யும். ஒரு நாள் உட்கார்ந்தால் ஏற்றிவிடலாம். ஆனால் அந்த சர்வர் நாளைக் காலை காணாமல் போனால், அதே கணக்கோடு அதே நிலையில் இன்னொன்றை எத்தனை மணி நேரத்தில் எழுப்ப முடியும் என்று கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இருக்காது. இந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு லைவுக்குப் போவதற்கான வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறோம். அதனால் நிறுவுவதைவிடச் சோதிப்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு கடையை வைத்துக்கொள்வோம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இருசக்கர வாகன உதிரிபாக மொத்த வியாபாரம், மாதவரத்தில் குடோன், இரண்டு இடத்திலும் சேர்த்து 25 பேர். மென்பொருள் ஓடூ 18, கம்யூனிட்டி பதிப்பு. சர்வரில் உபுண்டு 24.04, டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ் 16, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்ப முன்வாசலில் என்ஜின்எக்ஸ். ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற வேறொன்றை எடுத்தால் டேட்டாபேஸும் கோப்புகளின் இடமும் மாறும், வேலையின் வரிசை மாறாது. கட்டளைகளை அந்தந்தப் பதிப்பின் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல சர்வர்களை ஒன்றாகக் கட்டி மேய்க்கும் குபர்னெட்டிஸ் வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். நான்கு குடித்தனத்துக்குத் தண்ணீர் விட வீராணம் குழாய் தேவையில்லை. 25 பேருக்கு ஒரே ஒரு சர்வர் போதும்.

காசு கட்டுவதற்கு முன்: மடிக்கணினியில் ஒரு ஒத்திகை

கணினிக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதில் 2 சிபியு, 4 ஜிபி ரேம், 30 ஜிபி டிஸ்க் கொடுத்து உபுண்டு சர்வர் ஒன்றை நிறுவுங்கள். உபுண்டுவின் டெஸ்க்டாப் பதிப்பில் பழகாதீர்கள். கிளவுடில் உங்களுக்குத் திரையும் மவுஸும் கிடைக்காது.

மெய்நிகர் சர்வர் கிளம்பவே மறுத்தால் பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். இன்டெல் சிபியுவில் அது விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். கிளம்பியும் ஆமை வேகத்தில் நகர்ந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகர் அமைப்பான ஹைப்பர்-வி பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க்கை விர்ச்சுவல்பாக்ஸ் தானே வைக்கும் நாட் முறையிலேயே விட்டுவிட்டு, மடிக்கணினியின் 2222-ஆம் போர்ட்டை (நெட்வொர்க் வாசல் எண்) உள்ளே 22-க்கும் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்), 8069-ஐ உள்ளே 8069-க்கும் (ஓடூ) திருப்பிவிட்டால் போதும்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் (சர்வரின் அந்த நேர நிலையின் நகல்) எடுங்கள். அதைவிட முக்கியம், செய்த ஒவ்வொன்றையும் ஒரு கோப்பில் வரிசையாக எழுதுவது. எழுதி முடித்ததும் அந்த சர்வரையே அழித்துவிட்டு, கோப்பை மட்டும் பார்த்து மறுபடி கட்டுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த வரி கோப்பில் இல்லை என்று அர்த்தம். மூன்றாவது முறை தடங்கலில்லாமல் எழுந்து நின்றால் கிளவுடுக்குப் போகலாம்.

எந்த ஊர், எவ்வளவு பெரியது

அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் தளம் உண்டு. கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். மைக்ரோசாஃப்ட் அஷூரின் தென்னிந்தியத் தளம் சென்னையிலேயே இருக்கிறது. அதன் ஜோடித் தளம் புனே. அகமாயின் லினோடும் சென்னையில் சர்வர் தருகிறது. சென்னைக் கடைக்குச் சென்னை சர்வர்தான் வேகம் என்று தோன்றும். மும்பைக்குப் போய்வர ஆகும் சில பத்து மில்லிசெகண்டு பில் போடுபவருக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் வைத்தால் 200 மில்லிசெகண்டைத் தாண்டும். ஒரு திரைக்குப் பல கோரிக்கைகள் போகும் மென்பொருளில் அது நன்றாகவே உறுத்தும். விலை மலிவு என்று வர்ஜீனியாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

சர்வர் சென்னையில் இருக்கலாம், பேக்கப் சென்னையில் இருக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர் தொழிற்பேட்டையை என்ன செய்தது என்பதையும் பார்த்த ஊர் இது. இன்னொரு விஷயம்: நிறுவனம் கம்பெனியாகப் பதிவாகியிருந்தால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேர வேண்டும் என்பது 2022-இல் திருத்தப்பட்ட விதி. ஆகவே பேக்கப்புக்கு மும்பை, புனே, ஹைதராபாத் என்று உள்நாட்டுக்குள்ளேயே தேடுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஓடூ தன் வேலையை வொர்க்கர் எனப்படும் தனித்தனி ஆள்களிடம் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு வொர்க்கர் ஏறக்குறைய 6 பேரைச் சமாளிக்கும். 25 பேருக்கு 4, பின்னணி வேலைக்கு 1, ஆக 5. சிபியு எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் வொர்க்கரின் உச்ச வரம்பு. 2 சிபியுவுக்கு அதுவும் 5. சாதாரணக் கோரிக்கைக்கு 150 எம்பி, கனமானதற்கு 1 ஜிபி, பத்தில் இரண்டு கனமானவை என்று வைத்தால் வொர்க்கருக்குச் சராசரி 325 எம்பி, ஐந்துக்கும் 1.6 ஜிபி. டேட்டாபேஸையும் உபுண்டுவையும் சேர்த்தால் 4 ஜிபி ரேம் சரியாக இருக்கும். 2 ஜிபியில் தொடங்கினால் முதல் மாதக் கடைசியிலேயே திணறும்.

அமேசானில் இந்த அளவுக்கு எல்லோரும் கைவைப்பது டி3 மீடியம். அதன் 2 சிபியுவும் முழு நேரமும் உங்களுடையவை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் 20 சதவீதம்தான் நிரந்தர உரிமை. சும்மா இருக்கும் நேரத்தில் சேரும் கிரெடிட்டை வைத்து மீதியை ஓட்ட வேண்டும். டி3 வகையில் கிரெடிட் தீர்ந்தாலும் வேகம் குறையாது, வழக்கமான அமைப்பில் கூடுதலாகப் பில் வரும். பழைய டி2 வகையில் வேகம் படுத்துவிடும். கடையில் நாள் முழுக்க பில் ஓடினாலும் பெரும்பாலான நேரம் சிபியு சும்மாதான் இருக்கும், அதனால் இந்த வகை பொருந்தும். முடிவெடுப்பதை மட்டும் லோடு சோதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வரை உருவாக்கும்போது

முதல் வேலை கிளவுட் கணக்கையே பூட்டுவது. ரூட் லாகினுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டு, அன்றாட வேலைக்குத் தனிப் பயனர் உருவாக்குங்கள். பட்ஜெட் எச்சரிக்கையை 50, 80, 100 சதவீதங்களில் வையுங்கள். ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் சேருங்கள். கிளவுட் பில்லில் 18 சதவீத வரி வரும், எண் பதிவாகாவிட்டால் உள்ளீட்டு வரிக் கடன் போய்விடும். தானாகக் கழியும் அட்டைப் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி முதலாளியின் போனுக்குப் போய், அவர் ஊரில் இல்லாமல், பணம் நிலுவையில் நின்று சர்வர் முடங்குவது தொழில்நுட்பக் கோளாறே இல்லாத ஒரு கோளாறு.

டிஸ்க் 40 ஜிபி போதும். நிலையான பொது ஐபி ஒன்றை வாங்கி இணையுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தி ஓட்டும்போது முகவரி மாறிவிடும். 2024 பிப்ரவரி முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் எடுக்கிறது; மாதத்துக்கு 3.65 டாலர் வரும். ‘ஸ்டாப்’ கொடுத்தால் சர்வருக்கான வாடகை நிற்கும், டிஸ்க் வாடகையும் ஐபி வாடகையும் ஓடும். ‘டெர்மினேட்’ கொடுத்தால் வழக்கமான அமைப்பில் முதன்மை டிஸ்க்கும் சேர்ந்து அழியும். இரண்டு பொத்தான்களும் ஒரே பட்டியலில் இருப்பதால், லைவ் சர்வருக்கு டெர்மினேட் தடுப்பைப் போட்டுவிடுங்கள்.

ஃபயர்வாலில் இணையப் பக்கத்துக்கான போர்ட்டுகள் 80-ம் 443-ம் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். 22 உங்கள் ஐபிக்கு மட்டும். ஓடூவின் 8069, 8072, டேட்டாபேஸின் 5432 யாருக்கும் கிடையாது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல்: கடையின் பிராட்பேண்ட் ஐபி மோடத்தை அணைத்துப் போட்டாலே மாறக்கூடும், அப்போது நீங்களே வெளியே நிற்பீர்கள். இணைய நிறுவனத்திடம் நிலையான ஐபி வாங்குங்கள், அல்லது கிளவுட் கன்சோல் வழியாக உள்ளே போகும் வழியை முன்பே ஒருமுறை சோதித்து வையுங்கள். ஆத்திரத்தில் 22-ஐ உலகத்துக்கே திறந்துவிட்டு மறந்துபோவதுதான் வழக்கமாக நடப்பது.

முதல் ஒரு மணி நேரம்

எல்லா அப்டேட்டும் முடித்து ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். கிளவுட் உபுண்டுவில் பெரும்பாலும் ஸ்வாப் (ரேம் நிரம்பும்போது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) இருக்காது. 2 ஜிபி ஸ்வாப் கோப்பு உருவாக்கி, ரீபூட்டுக்குப் பிறகும் இருக்கும்படி பதிவு செய்யுங்கள். ஸ்வாப் வேகத்துக்காக இல்லை. ஒரு பெரிய அறிக்கை ரேமை விழுங்கும்போது லினக்ஸ் டேட்டாபேஸைக் கொன்றுவிடாமல் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுப்பதற்கு.

எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு நுழைவை அணைத்து, சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி வையுங்கள். முதன்மை அமைப்புக் கோப்பில் அணைத்த பிறகும் பாஸ்வேர்டு கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். துணை அமைப்புகளுக்கான கோப்புறையில் 50 என்ற எண்ணோடு தொடங்கும் கிளவுட்-இனிட் (சர்வர் முதன்முறை எழும்போது அமைப்புகளைப் போடும் கருவி) கோப்பு அதைத் திறந்துவைத்திருக்கலாம், முதலில் படிக்கப்படும் வரிதான் செல்லும். இதை மாற்றும்போது பழைய ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. சர்வர் யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னே இருக்கும் உலகப் பொது நேரம்) ஓடட்டும். ஓடூ டேட்டாபேஸில் யுடிசியில்தான் எழுதும். ஒவ்வொரு பயனரின் அமைப்பிலும் நேர மண்டலம் ஏஷியா/கொல்கத்தா என்று இருக்க வேண்டும், தானியங்கி வேலைகளைச் செய்யும் உள்பயனருக்கும் சேர்த்து. மறந்தால் இரவு 12 மணி முதல் காலை 5:30 வரை நடப்பதெல்லாம் முந்தைய தேதியில் விழும். பகலில் திறக்கும் கடைக்கு இது தெரியவே தெரியாது, ஏப்ரல் 1 அதிகாலையில் ஓடிய தானியங்கி பில் போன நிதியாண்டுக்குள் போய் உட்காரும்வரை. இதே மென்பொருளை நள்ளிரவில் லாரி இறங்கும் கோயம்பேடு மண்டிக்குப் போட்டால் முதல் நாளே மொத்த விற்பனையும் நேற்றைய கணக்கில் இருக்கும். அந்த மண்டிக்குப் பராமரிப்பு நேரமும் தலைகீழ்: எல்லோரும் சொல்லும் ‘அதிகாலை 2 மணி’ அங்கே உச்ச வியாபாரம்.

மென்பொருள், எழுத்துரு, முன்வாசல்

போஸ்ட்கிரெஸை முதலில் நிறுவி, பிறகு ஓடூவின் டெபியன் பொதியை நிறுவுங்கள். பொதியே தனிப் பயனரையும் சர்வீஸையும் உருவாக்கித் தரும். அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டியவை: வொர்க்கர் 4, பின்னணி வேலைக்கான த்ரெட் 1, ப்ராக்ஸி பயன்முறை ஆன், டேட்டாபேஸ் பட்டியல் ஆஃப், நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு, கேட்கும் முகவரி 127.0.0.1. டேட்டாபேஸ் பட்டியலைத் திறந்துவிட்டால் இணையத்தில் வருகிற எவரும் உங்கள் டேட்டாபேஸை நகலெடுக்கவோ அழிக்கவோ முயலும் பக்கம் கிடைக்கும். வைஃபையை அணைத்த போனிலிருந்து 8069-ஐத் திறந்து பாருங்கள், திறக்கக் கூடாது.

இணைப்பு எண்ணிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. ஓடூவின் ஒவ்வொரு புராசஸும் 64 டேட்டாபேஸ் இணைப்புவரை வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் வழக்கமான அமைப்பு. போஸ்ட்கிரெஸ் மொத்தமாகவே 100 தான் அனுமதிக்கும். ஓடூ பக்கத்தில் 16 என்று குறைத்துவிடுங்கள்.

பில்லை பிடிஎஃப் ஆக்கும் டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் கருவியை உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்தால் பக்கத்தின் தலைப்பும் அடிப்பகுதியும் அச்சாகாது, ஜிஎஸ்டி எண் இல்லாத பில் வரும். ஓடூ சொல்கிற 0.12.6 பதிப்பில், ‘பேட்ச்டு க்யூடி’ சேர்ந்ததையே போடுங்கள். தமிழில் முகவரி அச்சிடும் கடைகளில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். மடிக்கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தது, சர்வரில் இல்லை, அவ்வளவுதான். நோட்டோ தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும்.

முன்வாசலில் என்ஜின்எக்ஸ். சாதாரணக் கோரிக்கைகளை 8069-க்கும், உடனடி அறிவிப்புகளுக்கான வெப்சாக்கெட்டை 8072-க்கும் அனுப்ப வேண்டும்; இரண்டாவதை விட்டுவிட்டால் பில் போடலாம், அறிவிப்பும் உரையாடலும் வராது. பதிவேற்ற வரம்பு வழக்கமாக 1 எம்பி, சப்ளையர் பில்லைப் போனில் படமெடுத்து ஏற்றினால் 413 பிழை வரும். 25 எம்பி ஆக்குங்கள். காத்திருக்கும் நேரம் 60 விநாடி. ஓடூவோ ஒரு வேலையை 120 விநாடி வரை விட்டுவைக்கும். 60-ஆவது விநாடியில் 504 பிழை பார்த்தவர் மறுபடி பொத்தானை அழுத்துவார், முதல் அறிக்கை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதும் ஓடும். என்ஜின்எக்ஸின் பொறுமை மென்பொருளின் வரம்பைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்புக்கு வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள் செல்லும். செர்ட்பாட் அதைத் தானே புதுப்பிக்கும், ஆனால் வழக்கமான முறைக்கு 80-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். ‘எல்லாம் 443-இல்தானே ஓடுகிறது’ என்று 80-ஐ அடைத்துவிட்டால் சான்றிதழ் காலாவதியாகிற காலையில்தான் தெரியவரும். முன்பெல்லாம் அவர்களே மின்னஞ்சலில் எச்சரிப்பார்கள், 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். பழகும்போது அவர்களுடைய சோதனை வாசலைப் பயன்படுத்துங்கள்; ஒரே பெயருக்கு வாரத்தில் 5 சான்றிதழ்தான், தீர்ந்துவிட்டால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

மின்னஞ்சலுக்கு 25-ஆம் போர்ட்டை நம்பாதீர்கள். அமேசான் அதை அடைத்தே வைத்திருக்கும். 587 வழியாக ஒரு மின்னஞ்சல் சேவையோடு இணையுங்கள்.

டெஸ்ட் சர்வர் லைவ் மாதிரியே, வாயைக் கட்டி

இரண்டாவது சர்வரை அதே அளவில், ஒத்திகையில் செய்முறையை எழுதிவைத்த அதே எழுத்துக் கோப்பைப் பார்த்து, வேறு துணைப்பெயரில் கட்டுங்கள். வேண்டும்போது ஓட்டி, வேண்டாதபோது நிறுத்தலாம். சோதனைக்குச் சின்ன சர்வர் போதும் என்று பாதி ரேமில் வைத்தால், அங்கே வரும் பிழை லைவில் வராது, லைவில் வரும் பிழை அங்கே வராது.

லைவின் நகலை அதில் ஏற்றும்போது ஆபத்து தரவில் இல்லை, அது வெளியே பேசுவதில்தான். உண்மையான வாடிக்கையாளருக்கு ‘பாக்கி 84,000 ரூபாய்’ என்று டெஸ்ட் சர்வர் நினைவூட்டல் அனுப்பிவிடும். ஓடூவில் நகலை நியூட்ரலைஸ் செய்யும் கட்டளை இருக்கிறது, மின்னஞ்சலையும் தானியங்கி வேலைகளையும் அது அணைத்துவிடும். அணைந்ததா என்று கண்ணாலும் பாருங்கள். இ-இன்வாய்ஸ் இணைத்திருந்தால் இன்னும் கவனம்: 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். டெஸ்ட் சர்வரிலிருந்து உண்மையான ஐஆர்என் (இ-இன்வாய்ஸ் பதிவெண்) எடுத்துவிட்டால், அதை அரசுத் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் உண்டு. சோதனைக்கு சாண்ட்பாக்ஸ் (பழகுவதற்கான போலித் தளம்) லாகின் மட்டும்.

கணக்கு சரியா

கற்பனை பில்லைப் போட்டுப் பார்ப்பதில் பயன் குறைவு. பழைய மென்பொருளிலிருந்து உண்மையான 30 பில்களை எடுத்து, கடையில் பில் போடுபவரையே உட்கார வைத்துப் போடச் சொல்லுங்கள். தொகை பைசா வரை பொருந்த வேண்டும். பொருந்தாதபோது முதல் சந்தேகம் வரியை வரிசைக்கு வரிசை ரவுண்டு செய்கிறதா, மொத்தத்தில் செய்கிறதா என்பதில்.

அந்த 30-க்குள் சில வகைகள் கட்டாயம் இருக்கட்டும். புதுச்சேரி வாடிக்கையாளர் ஒருவர்: மூன்று மணி நேரப் பயணம்தான், ஆனால் மாநிலக் குறியீடு 34, தமிழ்நாடு 33, ஆகவே ஐஜிஎஸ்டி வர வேண்டும். முகவரியில் ‘தமிழ்நாடு’ என்று தவறாகப் பதிந்திருந்தால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியுமாகப் பிரிந்து தப்பான வரி போகும். பழைய பட்டியலை அப்படியே ஏற்றும்போது நேர்வது இது. அடுத்தது வரி மாறிய பொருள். உதிரிபாகங்களில் 28 சதவீதத்தில் இருந்தவை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆயின. அதற்கு முன் விற்று இப்போது திரும்பி வரும் சரக்குக்கு கிரெடிட் நோட்டு பழைய 28 சதவீதத்திலேயே போக வேண்டும். பொருளின் வரியை மாற்றும்போது பழைய வரியை அழித்துவிட்ட அமைப்பில் இது முடியாது. பழையதை வைத்துக்கொண்டு புதியதைச் சேர்ப்பதே முறை.

பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். கிளைப் பெயர், நிதியாண்டு, வரிசை எண், நடுவே சாய்கோடு என்று அழகாக அமைத்தால் சுலபமாக 20-ஐத் தொடும். கம்பெனியாக இருந்தால் எடிட் லாக்கையும் சோதியுங்கள்: 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியக் கூடாது. பதிவான பில் ஒன்றைத் திருத்தி, யார், எப்போது, எதை மாற்றினார் என்று தெரிகிறதா பாருங்கள். இதை ஆடிட்டர் பக்கத்தில் இருக்கும்போது செய்வது நல்லது.

லோடு

லோடு சோதனைக் கருவியான ஜேமீட்டரில் 25 பயனர், 5 நிமிடத்தில் ஒவ்வொருவராக உள்ளே வந்து 30 நிமிடம் வேலை செய்வதாக அமையுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் நடுவே சில விநாடி இடைவெளி வேண்டும், மனிதர் யாரும் நொடிக்கு நான்கு பில் போடுவதில்லை. லாகினை ஒருமுறை பதிவுசெய்து அப்படியே ஓட்டினால் எல்லாம் தோல்வியாகும். ஒவ்வொரு முறையும் மாறும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் என்ற பாதுகாப்புக் குறியீட்டைப் பக்கத்திலிருந்து பிடித்து அடுத்த கோரிக்கையில் வைக்க வேண்டும். ஜேமீட்டரை அதே சர்வரில் ஓட்டாதீர்கள், அதுவே சிபியுவைத் தின்னும்.

சராசரியைப் பார்க்காமல் 95-ஆம் சதமானத்தை (நூறில் 95 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம்) பாருங்கள். அது பில் சேமிப்புக்கு 2 விநாடிக்குள் இருந்தால் கவுண்டரில் வரிசை நிற்காது. பிறகு உண்மையான வதை: 25 பேரும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் முழு ஆண்டு ஸ்டாக் மதிப்பீட்டு அறிக்கையை எடுக்கட்டும். ஒரு வொர்க்கர் 2.5 ஜிபி வரை போகலாம் என்பது வழக்கமான வரம்பு, 4 ஜிபி சர்வரில் அது பாதிக்கு மேல். கர்னல் லாகில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று வந்தால் அந்த வரம்பைக் குறையுங்கள் அல்லது 8 ஜிபிக்குப் போங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் இதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே தெரிவது மேல்.

பேக்கப்பும், வேண்டுமென்றே உடைப்பதும்

டேட்டாபேஸை மட்டும் எடுத்தால் பாதி பேக்கப்தான். இணைப்புகள், படங்கள், அச்சிட்ட பிடிஎஃப் எல்லாம் ஃபைல்ஸ்டோர் என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன. அது இல்லாமல் மீட்டால் மென்பொருள் திறக்கும், லோகோ இருக்காது, பக்கமே உருக்குலைந்து நிற்கும். முதலில் டேட்டாபேஸ், பிறகு ஃபைல்ஸ்டோர் என்ற வரிசையில் எடுங்கள். நடுவில் புதிய கோப்பு வந்தால் ஒன்று கூடுதலாக இருக்கும், அதனால் பாதகமில்லை. வரிசையைத் திருப்பினால் டேட்டாபேஸ் சொல்லும் கோப்பு பேக்கப்பில் இருக்காது.

7 நாள், 4 வாரம், 12 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதியாண்டு முடிவின் நகல் தனி. கம்பெனிகள் கணக்கை 8 நிதியாண்டு காக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் வசதியானது, ஆனால் அதே கிளவுட் கணக்குக்குள் இருக்கிறது. கணக்கு பறிபோனால் அதுவும் போச்சு. இன்னொரு கணக்கில், சர்வரால் எழுத மட்டும் முடிகிற, அழிக்க முடியாத இடத்துக்கு ஒரு நகல் போகட்டும். அதிகாலை 2 மணிக்கு எடுக்க வேண்டுமானால் யுடிசி சர்வரின் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) 20:30 என்று எழுத வேண்டும்.

இனி டெஸ்ட் சர்வரை உடையுங்கள். ரீபூட் கொடுத்து, கை வைக்காமல் எல்லாம் எழுந்து வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஏதோ ஒரு சர்வீஸை ஓட்டினீர்கள், தானாகத் தொடங்கும்படி பதிவு செய்யவில்லை. டிஸ்க்கைப் பொய்க் கோப்பால் 100 சதவீதம் நிரப்புங்கள்: டேட்டாபேஸ் எழுத மறுக்கும், அப்போது திரையில் என்ன வருகிறது என்று பில் போடுபவர் ஒருமுறை பார்த்திருக்கட்டும். 80 சதவீதத்திலேயே எச்சரிக்கை வரும்படி வைத்துவிட்டு மறுபடி நிரப்பி, எச்சரிக்கை வந்ததா பாருங்கள். குடோனின் இணையத்தைப் பிடுங்குங்கள். மெட்ரோ வேலைக்குத் தோண்டும் ஊரில் ஃபைபர் அறுவது அபூர்வமில்லை. 4ஜி மோடத்துக்கு எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக டெஸ்ட் சர்வரை டெர்மினேட் செய்யுங்கள். கையில் எழுத்துக் கோப்பும் பேக்கப்பும் மட்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு புதிதாகக் கட்டி, நேற்றைய பேக்கப்பை ஏற்றி, கடைசி பில் எண்ணும் மூன்று பொருள்களின் இருப்பும் ஒரு வாடிக்கையாளரின் பாக்கியும் லைவோடு பொருந்துகிறதா பாருங்கள். இதை நிறுவியவர் செய்யக் கூடாது, இன்னொருவர் செய்ய வேண்டும். 2 மணி நேரத்துக்குள் முடிந்தால் நல்லது. 6 மணி ஆனால் எழுத்துக் கோப்பில் ஓட்டை இருக்கிறது.

மாறும் நாள்

மார்ச் 31 வேண்டாம். ஆடிட்டரும் கணக்காளரும் ஏற்கெனவே மூழ்கியிருப்பார்கள். வியாபாரம் மந்தமான ஒரு மாதத்தின் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை மாலை குடோனில் சரக்கை எண்ணி, இரவு பழைய மென்பொருளைப் பார்க்க மட்டும் முடியும்படி பூட்டி, ஞாயிறு தொடக்க இருப்பையும் பாக்கிகளையும் ஏற்றிச் சரிபார்க்கலாம். டொமைனின் டிடிஎல் மதிப்பை (பழைய முகவரியை இணையம் நினைவில் வைத்திருக்கும் விநாடிகள்) இரண்டு நாள் முன்பே 300 ஆக்கியிருந்தால் முகவரியை மாற்றினாலும் 5 நிமிடத்தில் பரவும்.

பழையதிலும் புதியதிலும் இரண்டு தடவை பில் போடச் சொல்லும் ஆலோசனை காகிதத்தில் நன்றாக இருக்கும். நடைமுறையில் மூன்றாம் நாளே ஒன்றை விட்டுவிடுவார்கள், பிறகு எது சரி என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு கவுண்டரில், மாற்றத்துக்கு முந்தைய மூன்று நாள் மட்டும், அதுவும் டெஸ்ட் சர்வரில் இணையாகப் போட்டுப் பார்த்தால் போதும்.

திரும்பிப்போகும் நேரத்தையும் முன்பே முடிவுசெய்து தாளில் எழுதி ஒட்டுங்கள்: திங்கள் காலை 11:30. அதற்குள் பில் ஓடவில்லையென்றால் பழையதைத் திற, அதுவரை கையால் போட்ட பில்களை அதில் ஏற்று. 11:30 தாண்டிவிட்டால் புதிய வரிசை எண்கள் ஓடத் தொடங்கியிருக்கும், அதன்பின் என்ன வந்தாலும் புதியதிலேயே சரிசெய்ய வேண்டியதுதான்.

முதல் மாதத்தில் இரண்டு வேலை பாக்கி இருக்கும். உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் லாகுகள் வழக்கமாக 14 நாளில் அழிந்துவிடும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் விடுத்த உத்தரவு 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, பாதுகாப்பு மீறல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. லாகு சுழற்சியை மாற்றிவிட்டு, கூடுதல் இடத்துக்கு டிஸ்க் போதுமா பாருங்கள். இன்னொன்று, முதல் கிளவுட் பில்லை வரிவரியாகப் படிப்பது. பழகும்போது எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள், எந்த சர்வரோடும் சேராத டிஸ்க்குகள், இணைக்காமல் விட்ட ஐபி ஒன்று, இவையெல்லாம் அங்கேதான் தென்படும்.